பயிற்சியில் வரும் வெட்டு ஸ்பாரிங்கில் ஏன் வருவதில்லை?

ஒன்றரை வருடமாக, இரு கையாலும் பிடிக்கும் ஐரோப்பிய நீள்வாள் பழகுகிறீர்கள். ஜோடியாகச் செய்யும் ட்ரில்லில் எல்லா வெட்டும் கோச் பாராட்டும் அளவுக்கு வருகிறது. மாஸ்க் மாட்டிக்கொண்டு ஸ்பாரிங்குக்கு, அதாவது எதையும் முன்பே பேசிவைக்காத பயிற்சிச் சண்டைக்கு, நின்றதும் அத்தனையும் காணாமல் போய், இருவரும் மாறி மாறிக் கையில் அடித்துக்கொள்வதில் முடிகிறது. இதற்குக் காரணம் வேகம் போதாததா, பலம் போதாததா, பழைய நூல்களில் இருப்பதே நடைமுறைக்கு ஒத்துவராததா, அல்லது நீங்கள் இடது கைக்காரர் என்பதா என்று நான்கு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை நான்கும் ஒரே கேள்விதான்: ட்ரில்லில் கற்றது ஏன் சண்டைக்குள் உங்கள் கூடவே வர மறுக்கிறது? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். இடது கை விஷயத்துக்குக் கடைசியில் தனியாக வருகிறேன், அதில் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது.

நான் ஜெர்மனியில் பதினான்கு வருடமாக நீள்வாள் பழகுகிறேன், கடைசி எட்டு வருடம் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ரேப்பியர் என்ற ஒல்லியான ஒற்றைக் கை வாளில் எனக்கு ஆழமான பழக்கம் கிடையாது, அதனால் கீழே சொல்வதை அப்படியே ரேப்பியருக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். நீங்கள் ஸ்பாரிங் செய்து நான் பார்த்ததும் இல்லை. ஆனால் நீங்கள் விவரித்த நிலையில் வந்து நின்ற மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் மூன்று வருடம் அதே இடத்தில் நின்றவன்தான்.

முதலில் நூல்கள். நீங்கள் பழகும் ஐந்து முதன்மை வெட்டுகளும் யோஹானஸ் லீஷ்டனாவர் என்ற 14-ஆம் நூற்றாண்டு ஆசானின் பாடல் வரிகளிலிருந்து வருபவை. அந்த வரிகள் வேண்டுமென்றே புதிராக இருக்கும். 15-ஆம் நூற்றாண்டில் ரிங்கெக் போன்றவர்களின் பெயரில் வந்த உரைகள் இல்லாவிட்டால் இன்று அவற்றை யாரும் விளங்கிக்கொண்டிருக்க முடியாது. நூரெம்பர்க் அருங்காட்சியகத்தில் 3227ஏ என்ற எண்ணில் இருக்கும் சுவடிதான் இந்த மரபைப் பற்றிப் பேசுவதில் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது. அதை 1389 என்று எழுதுவது வழக்கம். அந்த ஆண்டு சுவடியில் உள்ள நாட்காட்டிக் கணக்கை வைத்துச் சொன்னது, அதை ஏற்காத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இந்த நூல்கள் எல்லாம் என்ன செய்ய வேண்டும் என்பதை நன்றாகச் சொல்கின்றன. ஒரு மாலை வகுப்பை எப்படி நடத்துவது, மாணவனை எந்தப் படியில் ஏற்றுவது என்பதை மிகக் கொஞ்சமாகவே சொல்கின்றன. ஆசானிடமிருந்து மாணவனுக்கு நேராக வந்த தொடர்ச்சி நடுவில் அறுந்துவிட்டது. இன்று கிளப்புகளில் செய்யும் ட்ரில்களில் மிகப் பெரும்பாலானவை 1990-களுக்குப் பிறகு நம்மைப் போன்றவர்கள் நூலை வாசித்து உருவாக்கியவை. ஆகவே ட்ரில் தோற்றால் நூல் தோற்றதாக ஆகாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது ட்ரில்லைத்தான்.

ஒரு வெட்டை எடுத்துக்கொள்வோம், ட்சோர்ன்ஹாவ், சினவெட்டு. உரைகள் சொல்வது இது: எதிரி தன் வலப்பக்கத்திலிருந்து மேலாக உன்னை வெட்டினால், நீயும் உன் வலத் தோளிலிருந்து பலமாக வெட்டி அவன் வாளைச் சந்தி. வாள்கள் தொட்டிருக்கும்போது அவன் அழுத்தாமல் இளக்கமாக இருந்தால் முனையை நேராக அவன் முகத்துக்கு விடு. அவன் அதை உணர்ந்து உன் வாளைப் பலமாகத் தள்ளினால், அந்தப் பலத்தோடு மல்லுக்கு நிற்காமல் வாளை மேலே எடுத்து மறுபக்கத்தில் வெட்டு. இதில் முதல் சொற்றொடரைப் பாருங்கள்: எதிரி உன்னை வெட்டினால். உன்னை, உன் தலையை. இந்த நிபந்தனை நிறைவேறாத இடத்தில் மீதி எதுவும் நடக்காது.

இப்போது உங்கள் ட்ரில்லுக்கு வருவோம். அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். மாஸ்க், கழுத்துக் கவசம், க்ளவுஸ் எல்லாம் போட்டுக்கொண்டு, உங்கள் துணையை வழக்கம்போல மெதுவாக வெட்டச் சொல்லுங்கள். நீங்கள் தடுக்க வேண்டாம். அசையாமல் நில்லுங்கள். வாள் எங்கே வந்து நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். எங்கள் கிளப்பில் இதை முதன்முதலில் செய்தபோது ஆறு ஜோடிகள் இருந்தோம். ஐந்து ஜோடிகளில் வாள் மாஸ்க்குக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. எனக்கு வெட்டியவரின் முனை என் கண்ணுக்கு நேரே காற்றில் நடுங்கிக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவர் என் தலையைக் குறிவைக்கவே இல்லை. என் வாள் வந்து நிற்கப்போகும் இடத்தைக் குறிவைத்து வெட்டியிருந்தார். மாதக்கணக்கில் நாங்கள் இருவரும் ஒருவர் வாளை ஒருவர் தட்டப் பழகிக்கொண்டிருந்தோம். நல்லெண்ணத்தால் வந்த பிழைதான் அது. துணைக்கு வலிக்கக் கூடாது என்று எல்லோரும் கொஞ்சம் தூரத்தில் நிற்பார்கள், கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவார்கள்.

அந்த ஒரு சாண்தான் உங்கள் கேள்விக்குப் பாதி பதில். எட்டாத வெட்டை எதிர்கொண்டு பழகிய கை, எட்டுகிற வெட்டைச் சந்திக்க எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் வாளைத் தேடிப் போகும். நூரெம்பர்க் சுவடி இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது: வாளை நோக்கி வெட்டாதே, ஆளை நோக்கி வெட்டு. உன் வாள் முனையில் ஒரு கயிறு கட்டி அது எதிரியின் திறந்த இடத்துக்கு இழுத்துப் போவதுபோல நேராகப் போக வேண்டும் என்று ஓர் உவமை வருகிறது. பார்ப்பதற்கு அழகாக இருக்கட்டும் என்று அகலமாக வீசித் தடுக்கும் ஆசிரியர்களை அதே சுவடி கடுமையாகக் கண்டிக்கிறது. அப்போதும் இந்தப் பழக்கம் இருந்திருக்கிறது என்று அதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

மீதிப் பாதி பதில், சண்டையின் தொடக்கம் உங்கள் ட்ரில்லில் இல்லை என்பது. பாசெலில் பிறந்து ஸ்ட்ராஸ்பர்க்கில் கத்தி செய்யும் தொழிலாளராக இருந்த யோவாக்கிம் மயர் 1570-இல் வெளியிட்ட நூலில் சண்டையை மூன்றாகப் பிரிக்கிறார். எதிரியை நெருங்கும் கட்டம் ஒன்று, வாளும் வாளும் கலந்து கை வேலை செய்யும் நடுக்கட்டம் ஒன்று, அடிபடாமல் விலகி வெளியே வரும் கட்டம் ஒன்று. கிளப்புகளில் செய்யும் ஜோடி ட்ரில் பெரும்பாலும் நடுக்கட்டத்தில் மட்டுமே நடக்கிறது. இருவரும் ஏற்கனவே சரியான தூரத்தில் நிற்பார்கள், யார் முதலில் வெட்டுவார் என்று முன்பே பேசியிருப்பார்கள், முடிந்ததும் வாளைத் தாழ்த்திவிட்டு அப்படியே நடந்து பழைய இடத்துக்கு வருவார்கள். ஸ்பாரிங்கிலோ நெருங்குவதில்தான் முக்கால்வாசி விஷயம் தீர்ந்துபோகிறது. நீங்கள் கையில் அடி வாங்குவதும் அங்கேதான். எட்டுமா எட்டாதா என்று தெரியாத தூரத்தில் நிற்கும்போது கைதான் எதிரிக்கு மிக அருகில் இருக்கும் இலக்கு.

இங்கே ஆங்கிலேயர் ஜார்ஜ் சில்வரின் பேச்சை எடுக்கிறேன். 1599-இல் எழுதியவர், வேறு வாள், வேறு மரபு, லீஷ்டனாவருக்கு இரு நூற்றாண்டுகள் பிந்தியவர். அவருடைய முறையை ஜெர்மன் நீள்வாளோடு கலந்து கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் ஒன்றை அவரைப் போலத் தெளிவாகச் சொன்னவர் குறைவு: கை வேகமானது, கால் மெதுவானது, அதனால் கை முதலில் கிளம்ப வேண்டும். மனித உடம்பைப் பற்றிய இந்த உண்மை எந்த வாளுக்கும் பொருந்தும். கால் முதலில் போய்ப் பின்னால் கை வந்தால், வாள் இன்னும் தோளிலேயே இருக்கும்போது உங்கள் தலை எதிரியின் எல்லைக்குள் போய்விடுகிறது. யாராவது உங்களைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கட்டும். முன்னங்கால் தரையைத் தொடும் நொடியில் நிறுத்திப் பாருங்கள். வாள் அதற்குள் பாதித் தூரத்துக்கு மேல் வந்திருக்க வேண்டும். இன்னும் தோளருகே நின்றால் உங்களுக்கு வேகம் இருக்கிறது, வரிசைதான் தவறு.

வேகமும் பலமும் பற்றிக் கேட்டதற்கும் இதிலேயே பதில் வந்துவிடுகிறது. இத்தாலிய ஆசான் ஃபியோரே தன் 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்க நூலில் ஒரு மனிதனைச் சுற்றி நான்கு விலங்குகளை வரையவைத்திருக்கிறார். வேகத்துக்குப் புலி, துணிவுக்குச் சிங்கம், உறுதிக்கு முதுகில் கோட்டையைச் சுமக்கும் யானை. மனிதனின் தலைக்கு மேலே இருப்பது லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, அதன் கையில் ஒரு கவராயம். அளக்கும் கண்ணுக்கு அது அடையாளம். பள்ளியில் ஜியோமிதிப் பெட்டிக்குள் இருந்த அதே கவராயம்தான். புதியவர்களுக்கு நான் இந்தப் படத்தைக் காட்டாமல் விடுவதில்லை. நீள்வாளின் எடை ஒன்றரைக் கிலோவுக்கு முன்னே பின்னேதான் இருக்கும். அதைத் தூக்கி வீச ஆரோக்கியமான எவருக்கும் பலம் உண்டு. எட்டும் தூரத்தை அளக்கும் கண்தான் ஒன்றரை வருடத்தில் எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.

சரி, அப்படியானால் எப்படிப் பழகுவது? ஒரே ட்ரில்லை வைத்துக்கொண்டு அதில் நிச்சயமாகத் தெரிந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். எங்கள் வகுப்பில் சினவெட்டுக்கு நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் துணை மெதுவாக, ஆனால் மாஸ்க்கைத் தொடும்படி வெட்டுவார், நீங்கள் நூலில் உள்ளபடி சந்திப்பீர்கள். இது நன்றாக வந்ததும் வெட்டு எது என்பது மாறாது, எப்போது என்பது மட்டும் துணையின் விருப்பம். அவர் தூரத்தில் தொடங்கி நடந்து வருவார், நின்று பார்ப்பார், சட்டென்று வெட்டுவார். இந்த ஒரே மாற்றத்தில் பலருடைய சினவெட்டும் உடைந்துபோகும். ஏன் என்று அப்போதுதான் தெரியும், இதுவரை நீங்கள் வெட்டைப் பார்த்து எதிர்வினை செய்யவில்லை, தாளத்துக்கு ஆடியிருக்கிறீர்கள். இதில் பத்துக்கு ஆறேழு முறை வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம்.

அடுத்த படிதான் எனக்கு மிகப் பிடித்தது. வாள்கள் சந்தித்த பிறகு துணை என்ன செய்வார் என்பதை உங்களுக்குச் சொல்லாமல் விடுவது. ஒரு முறை இளக்கமாக இருப்பார், ஒரு முறை தள்ளுவார். லீஷ்டனாவர் மரபில் இதற்குப் பெயரே இருக்கிறது, ஃப்யூலன், தொட்டு உணர்தல். உரைகள் இதை மிக உயர்ந்த இடத்தில் வைக்கின்றன, அதோடு இன்டெஸ் என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்கின்றன. அந்தக் கணத்திலேயே, உணர்ந்துகொண்டிருக்கும்போதே என்று பொருள். இரும்பும் இரும்பும் உரசி நிற்கும் அந்தச் சிறு நேரத்தில் கட்டைவிரல் வழியாக ஒரு அழுத்தம் வரும். துணை தள்ளும்போது உங்கள் வாள் இலேசாக வெளிப்பக்கம் நகரும், உள்ளங்கையில் பிடி சுழலப் பார்க்கும். தள்ளாதபோது எதுவும் வராது, உங்கள் முனை தானாகவே அவர் முகத்தை நோக்கி நிற்கும். கண்ணால் பார்த்து முடிவெடுக்க அங்கே நேரமில்லை. கைக்குத் தெரிந்தால்தான் உண்டு. ட்ரில்லின் முடிவு முன்பே தெரிந்துவிட்டால் கை இதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே கிடையாது. என் மாணவி ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு வாள்கள் தொட்ட நிலையிலிருந்து தொடங்கச் சொன்னேன். வேகம் சுத்தமாகக் கிடையாது, மிக மெதுவாக. இரண்டு வாரத்தில் அவர் கை அழுத்தத்தைப் படிக்கத் தொடங்கியது. ஸ்பாரிங்கில் முதல்முறை அவரே அறியாமல் வாளை மேலே எடுத்து மறுபக்கம் வெட்டினார், நின்று தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

இதற்குப் பிறகு துணை இரண்டு வெட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம், அப்புறம் வெட்டுவதுபோல் போக்குக் காட்டலாம், அதன்பின் ஒரு விதியோடு ஸ்பாரிங். உதாரணமாக ஒருவர் மேல்வெட்டு மட்டும் வெட்டலாம், மற்றவர் எதுவும் செய்யலாம். ஒரே வகுப்பில் இவ்வளவு படியும் ஏற வேண்டியதில்லை. ஏறிய படியில் சரிந்தால் ஒரு படி இறங்குவதில் தவறும் இல்லை.

மெதுவாகச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை. இருவரும் ஒரே மெதுவில் இருக்க வேண்டும். துணை மெதுவாக வெட்டி, நீங்கள் சடாரென்று எதிர்வெட்டு வெட்டினால் எந்த உத்தியும் வேலை செய்வதுபோலத் தோன்றும். அந்த வெற்றியை நம்பிக்கொண்டுதான் பலர் ஸ்பாரிங்குக்குப் போகிறார்கள். இதில் துணையைவிட நாம்தான் அதிகம் ஏமாற்றுகிறோம், தெரியாமலேயே.

தனியாகச் செய்யும் பயிற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. விளிம்பு நேராகப் போவதற்கும் கால் பழகுவதற்கும் அது கட்டாயம் வேண்டும். மயரின் நூலில் ஒரு சதுரத்தை நான்காகப் பிரித்து எண்கள் போட்ட படம் இருக்கிறது. எதிரியின் நான்கு திறந்த இடங்களையும் எந்த வரிசையில் வெட்டிப் பழகுவது என்பதற்காக அது. வரிசை மாறிக்கொண்டே இருப்பதால் கை ஒரே தடத்தில் உறைந்துபோகாது. தினமும் கால் மணி நேரம் போதும். முன்பு சொன்ன நூரெம்பர்க் சுவடி, 3227ஏ, கலை இல்லாத பயிற்சிகூட உதவும், பயிற்சி இல்லாத கலை உதவாது என்கிறது. ஆனால் நீங்கள் ஏற்கனவே தனியாக நன்றாக வெட்டுகிறீர்கள். இருக்கும் நேரத்தைத் துணையோடு செலவிடுங்கள்.

எதெல்லாம் இன்னும் உறுதியில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டுகள் ஐந்திலும் வளைவெட்டு, அதாவது க்ரும்ப்ஹாவ், எப்படிப் போக வேண்டும் என்பதில் நல்ல ஆசிரியர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. உங்களுக்கு அது வரவில்லை என்றால் பொருள்கொண்ட விதமே தவறாக இருக்கலாம். கோச்சிடம் தயங்காமல் கேளுங்கள். மயரின் காலத்தில் ஜெர்மானியர்கள் வாள்பயிற்சிப் பள்ளிகளில் நீள்வாளால் குத்துவதைக் கைவிட்டிருந்தார்கள், ஆகவே அவருடைய நீள்வாள் பகுதியில் உள்ளதையும் முகத்தில் குத்தச் சொல்லும் 15-ஆம் நூற்றாண்டு உரையில் உள்ளதையும் ஒரே ட்ரில்லில் கலந்தால் முரண்படத்தான் செய்யும். மேலே சொன்ன படிகளும் என் அனுபவத்தில் பலித்தவை, எந்த ஆசானும் எழுதி வைத்தவை அல்ல.

நிஜமாக வெட்டச் சொன்னேன் என்பதற்காகக் கவசத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். சாதாரண ஃபென்சிங் மாஸ்க் பின்மண்டையை மூடாது. அதற்கான மேலுறை இல்லாமல் வேகத்தைக் கூட்டாதீர்கள். எங்கள் கிளப்பில் நான் பார்த்த காயங்களில் பெரும்பாலானவை விரலில்தான், அதனால் கனமான க்ளவுஸுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள். ஸ்பாரிங்கில் இருவரும் ஒரே நேரத்தில் அடிபடும் டபுள் அதிகமாக வந்தால், வெட்டியவர் விலகி வெளியே வரும்வரை புள்ளி கிடையாது என்று ஒரு மாதம் விளையாடிப் பாருங்கள். மயரின் மூன்றாவது கட்டம் அதில் தானாக வந்துவிடும்.

இப்போது இடது கை. வலது கைக்காரர்கள் இருவர் எதிரெதிரே நின்று தத்தம் வலத் தோளிலிருந்து வெட்டினால் வாள்கள் எதிர்ப் பக்கங்களிலிருந்து வந்து நடுவில் மோதும். சினவெட்டு வேலை செய்வதே இந்த மோதலால்தான். நீங்கள் இடத் தோளிலிருந்து வெட்டுகிறீர்கள். எதிரே நிற்பவரின் வலமும் உங்கள் இடமும் ஒரே பக்கம். இரண்டு வாளும் ஒரே பக்கத்திலிருந்து ஒரே திசையில் போகின்றன, சந்திப்பதில்லை. இருவருக்கும் அடிபடும், அல்லது கையில் படும். நீங்கள் எழுதியிருந்ததும் இதேதான். ட்ரில்லில் கோச் உங்களுக்காகத் துணையை இடப்பக்கத்திலிருந்து வெட்டச் சொல்லியிருப்பார், அங்கே எல்லாம் கச்சிதமாகப் பொருந்தும். ஸ்பாரிங்கில் வலது கைக்காரர் முதல் வெட்டைத் தன் பலமான பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குவார். நீங்கள் பழகிய சூழ்நிலை அங்கே அபூர்வமாகத்தான் வரும். இடது கைக்காரர் முதல் வெட்டை இடப்பக்கத்திலிருந்து தொடங்கட்டும் என்று லீஷ்டனாவரின் உரைகள் சொல்கின்றன, அது நீங்கள் தாக்கும்போது. அவர் தாக்கும்போது அவருடைய வலப்பக்க வெட்டைச் சந்திக்க உங்கள் வலத் தோளிலிருந்து வரும் வெட்டு வேண்டும். உங்களுக்குப் பலவீனமான பக்கம் அது, கைகள் குறுக்கே வரும், முதலில் அசௌகரியமாக இருக்கும். வரும் வாரம் துணையிடம் அவருடைய வலப்பக்கத்திலிருந்தே வெட்டச் சொல்லுங்கள், மாஸ்க்கைத் தொடும்படி. மேலே சொன்ன படிகளை அந்த ஒரு வெட்டுக்கு மட்டும் ஏறிப் பாருங்கள்.